அறுநூற்றுப் பன்னிரண்டு பற்கள்

பல்வலி மனிதனுக்குத் தானாக வரும். அதற்கு வைத்தியம் பார்ப்பது அரசாங்கத்தின் முன் அனுமதியோடு நடக்கவேண்டிய காரியம். இந்த இரண்டாவது உண்மை தெரியாமல், நியூஜெர்சியில் பிஸ்கட்டவே, பிரிட்ஜ்வாட்டர் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்கள் இருபத்திரண்டு சேர்ந்து இரண்டு வருஷம் நிம்மதியாக இருந்துவிட்டோம். அந்த நிம்மதி எப்படிச் சட்டப்படி சரிசெய்யப்பட்டது என்பதைத்தான் சொல்லப்போகிறேன். என் பெயர் பத்ரி. மேற்படி குடும்பங்களின் பொருளாளர். எந்த அலுவலகம், எந்த அதிகாரி என்று மட்டும் துருவாதீர்கள். எனக்கு கிரீன் கார்டு இன்னும் வரவில்லை.

விஷயம் ரொம்பச் சின்னது. ஊரிலிருந்து அப்பா, அம்மா ஆறு மாசம் தங்க வருவார்கள். வரும்போது சாம்பார் பொடி, மோர்மிளகாய், பிரஷர் மாத்திரை எல்லாம் எண்ணி எடுத்து வருவார்கள். பல்லை மட்டும் இருக்கிற நிலைமையில் அப்படியே கொண்டுவந்துவிடுவார்கள். அவர்களுக்கு எடுக்கும் விசிட்டர் இன்ஷூரன்ஸில் தலை முதல் கால் வரை எல்லாம் உண்டு, பல் கிடையாது. ஒரு பல்லுக்கு வேர் சிகிச்சை செய்யும் செலவில் சென்னைக்குப் போய்த் திரும்பி வந்துவிடலாம்.

அதனால் ஓர் ஏற்பாடு செய்தோம். குடும்பத்துக்கு மாசம் பதினைந்து டாலர். பிரிட்ஜ்வாட்டரில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் ஜெபினா, நாகர்கோவில் பெண், தங்கமான குணம், அதை வாங்கிக்கொண்டு புதன்கிழமை சாயங்காலங்களில் எங்கள் பெரியவர்களின் பல்லைப் பார்ப்பாள். வாட்ஸாப்பில் 'இந்த புதன் யாருக்கு?' என்று கேட்போம். வலிக்கிறவர் போவார். வலிக்காமல் வருவார். இதற்கு ஒரு பெயர்கூட நாங்கள் வைக்கவில்லை.

எங்கள் தலைவர் பால்துரைக்கு இது உறுத்த ஆரம்பித்தது. அவர் ஒரு மருந்துக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறார். அங்கே பாத்ரூம் கழுவினால்கூட இரண்டு பேர் கையெழுத்துப் போடவேண்டும். மே மாசம், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் ஒரு பாட்லக் விருந்தில், எல்லாரும் பிரியாணித் தட்டோடு உட்கார்ந்திருக்கும்போது சொன்னார்:

"எல்லாம் நல்லாத்தான் போகுது. அதான் எனக்கு பயமா இருக்கு."

"என்ன பயம்?" என்றேன்.

"இதுக்கு லைசென்ஸ் கிய்சென்ஸ் வேணுமோ என்னமோ. வேண்டாம்னா, வேண்டாம்னு எழுத்துல வாங்கி வச்சிக்கிடுவோம். நாளைக்கு கிரீன் கார்டு இன்டர்வியூல, நீ பல் கம்பெனி நடத்துனியா இல்லையான்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?"

கிரீன் கார்டு என்ற சொல் காதில் விழுந்ததும் சாப்பாடு நின்றுவிட்டது. இருபத்திரண்டில் பதினேழு குடும்பம் அந்த வரிசையில் நிற்கிறது. நானும் பால்துரையும் பதினோரு வருஷமாக நிற்கிறோம். சிவப்பு விளக்கில், ராத்திரியில், ஈ காக்கை இல்லாத ரோட்டிலும் நிற்கிற ஜாதி நாங்கள். இந்த ஊர்க் குடிமகன் எவனுக்காவது இந்த யோசனை தோன்றுமா? எங்களுக்குத் தோன்றியது. 'எங்களுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்பதை அன்புகூர்ந்து உறுதிசெய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்' என்று நாங்களே ஒரு கடிதம் எழுதி, நாங்களே ஸ்டாம்ப் ஒட்டி, நாங்களே தபாலில் போட்டோம்.

ஐந்து வாரத்தில் பதில் வந்தது. ஒன்பது பக்கம். அதில் நாங்கள் யார் என்பது எங்களுக்கே முதன்முதலாகத் தெரிந்தது. நாங்கள் ஒரு 'வரையறுக்கப்பட்ட சுகாதார சேவை நிறுவனம்'. உடம்பு முழுவதையும் கவனிக்காமல் பல்லோடு நிறுத்திக்கொண்டதால் வரையறுக்கப்பட்டவர்கள். படித்ததும் அரை நிமிஷம் பெருமையாகத்தான் இருந்தது. அடுத்த வரியில், அதிகாரச் சான்றிதழ் கிடைக்கும் வரை எந்த உறுப்பினருக்கும் எந்தச் சேவையும் செய்யக்கூடாது என்று இருந்தது.

அந்த வாரம்தான் என் மாமனார் ஒரு பாதாம் பருப்பைக் கடித்தார்.

மாமனார் பெயர் கஸ்தூரிரங்கன். எழுபத்தோரு வயது. பத்திரப்பதிவு ஆபீஸில் முப்பத்திநாலு வருஷம் இருந்து சார்பதிவாளராக ஓய்வு பெற்றவர். எங்கள் பட்டியலில் பதினேழாவது உறுப்பினர். கீழ்வரிசை, இடது பக்கம், கடைசிக்கு முந்தின பல். மறுநாள் காலையில் கன்னம் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருந்தது. நான் ஜெபினாவுக்குப் போன் பண்ணினேன்.

"கூட்டிட்டு வாங்கன்னு சொல்ல எனக்கும் ஆசைதான், பத்ரி அண்ணா. ஆனா அங்கிள் இப்ப என்ரோலி, பிளான்ல பதிவான உறுப்பினர். லைசென்ஸ் இல்லாத பிளான்ல இருக்கற என்ரோலிய நான் தொட்டா என் லைசென்ஸ் போயிடும்."

"தனியா காசு குடுத்துடறோம்."

"என்ரோலிகிட்ட நான் காசு வாங்கக்கூடாது. ஏழாம் பக்கம் பாருங்க. உறுப்பினரைப் பாதுகாக்கறதுக்காக போட்ட ரூல்."

"சும்மா பண்ணேன்."

"சும்மா பண்ணாலும் சர்வீஸ்தான்."

"சரி, அவரை பிளான்லேருந்தே எடுத்துடறோம்."

"எடுக்கறதுக்கு முதல்ல நீங்க லைசென்ஸ் வாங்கணும்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "கிராம்பு வச்சுக்கச் சொல்லுங்க. அது சமையல் சாமான். அதுக்கு ரூல் இல்ல."

என் மனைவி ஜலஜா வேறொரு பல் டாக்டரிடம் விசாரித்தாள். ஆயிரத்தெண்ணூறு டாலர் என்றார்கள். மாமனார் அதை மனசுக்குள்ளேயே ரூபாயாக்கிப் பார்த்துவிட்டுக் கையை உதறினார். "ஒண்ணரை லட்சமா? ஒரு பல்லுக்கா? வாய்ல இன்னும் இருபத்திமூணு இருக்கு, அதுகளுக்கு யார் பதில் சொல்றது? வேண்டாம். நம்ம பைல்தான் மூவ் ஆயிண்டிருக்கே."

சொல்லிவிட்டு அந்த ஒன்பது பக்கத்தையும் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒரு கையால் கன்னத்தைத் தாங்கியபடி, எழுத்து விடாமல் படித்தார். படிக்கப் படிக்க முகம் மலர்ந்தது.

"மாப்பிள்ளை, முப்பத்திநாலு வருஷத்துல ஒருத்தனைத் திருப்பி அனுப்ப எனக்குத் தெரிஞ்சது ஒரே வார்த்தைதான், 'நாளைக்கு வாங்கோ'. இவா ஒன்பது பக்கம் எழுதியிருக்கா. இதுன்னா ஆபீஸ்."

"அப்பாக்கு வாய் வீங்கிக் கெடக்கு. நீயும் அவரும் உக்காந்து அதை ரசிச்சிண்டிருங்கோ" என்றாள் ஜலஜா. மாமனார் அன்றைக்குக் காலையிலிருந்து ஒரு தம்ளர் கஞ்சியைத்தான் உள்ளே தள்ளியிருந்தார். நவம்பர் பதினான்கு திரும்பும் டிக்கெட். அதுவரை நான்கு மாசம் இவரை மிக்ஸியில் அடித்த தயிர்சாதத்தில் எப்படி ஓட்டுவது என்பதுதான் அவள் கவலை. என் கவலையும் அதுதான். ஆனால் நான் பொருளாளர் ஆயிற்றே, வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

மனுப் போட ஆரம்பித்தோம். முதலில் பெயர் வேண்டும் என்றார்கள். 'வருகைதரும் பெற்றோர் பல்நலப் பேரமைப்பு' என்று வைத்தோம். பிறகு ஒரு தரக் குழு, ஒரு நிதிக் குழு, ஒரு குறைதீர்க்கும் அலுவலர். எங்கள் ஆட்களுக்குப் பதவி என்றால் கேட்கவேண்டுமா, தரக் குழுவில் மட்டும் பதினோரு பேர். குறைதீர்க்கும் அலுவலர் வேலைக்கு ஒருவரும் வராததால் அது என் தலையில் விழுந்தது. முதல் குறை அன்றைக்கே வந்தது. சாப்பாட்டு மேஜையில், என் தட்டுக்குப் பக்கத்தில், ஒரு பேப்பரை வைத்தாள் ஜலஜா. 'என் அப்பாவுக்குப் பல் வலிக்கிறது. ஒருத்தரும் ஒண்ணும் செய்யவில்லை. இப்படிக்கு ஜலஜா பத்ரி.'

"முப்பது நாளுக்குள்ள எழுத்துல பதில் வரும்" என்றேன்.

"எதிர்லதானே உக்காந்திருக்கே? வாயைத் திறந்து சொல்லேன்."

"வாய்மொழியா சொன்னா செல்லாது."

அவள் ரசக் கரண்டியைச் சட்டியிலேயே போட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். நான் குறைக்கு எண் கொடுத்து, தேதி போட்டு, கோப்பில் வைத்தேன். மாமனார் எட்டிப் பார்த்து, "வந்த நேரத்தையும் போட்டுடுங்கோ" என்றார்.

அடுத்தது எதிர்காலக் கணிப்பு. மூன்று வருஷத்தில் எத்தனை பல்லுக்கு என்ன ஆகும் என்று ஒரு கணிப்பாளர் கையெழுத்திட்டுக் கொடுக்கவேண்டும். கலிபோர்னியாவில், லிவர்மோரில், எனக்கு ஒரு சித்தி பையன் இருக்கிறான். முகுந்த். இன்ஷூரன்ஸ் கணிப்புதான் அவன் தொழில். தினமும் மலை தாண்டிக் கார் ஓட்டிப் போகிறவன், அந்த நேரத்தில் எங்கள் வேலையைப் பார்த்துத் தருகிறேன் என்றான். மொத்தம் எத்தனை பல் என்று தெரிந்தால்தான் கணக்கே ஆரம்பிக்கும் என்றான்.

இருபத்தாறு பெரியவர்கள். பாதிப் பேர் அப்போது இந்தியாவில். வாட்ஸாப் வீடியோவில் ஒவ்வொருவராக வாயைத் திறந்தார்கள். "அங்கிள், டார்ச் அடிங்க. கொஞ்சம் மேல. அது பல்லா, பாக்கா? கொப்புளிச்சிட்டு வாங்க, நான் லைன்லதான் இருக்கேன்" என்று முகுந்த் மூன்று சனிக்கிழமை எண்ணினான். மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு. அந்த எண்ணை மனுவில் எழுதி, நோட்டரி முன்னால் சத்தியம் செய்து அனுப்பினோம்.

அனுப்பிய மறுநாள் முகுந்த் கூப்பிட்டான். "ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். அந்த நம்பர் மாறக்கூடாது. ஒரு பல் குறைஞ்சாலும் அது மெட்டீரியல் சேஞ்ச், அடிப்படையே மாறின மாதிரி. மனு முதல்லேருந்து போடணும்."

"அதுவரைக்கும் யாருக்கும் பல் விழக்கூடாதா?"

"விழாம பாத்துக்கறது நிதிக் குழு பொறுப்பு."

உடனே ஒரு சுற்றறிக்கை போட்டேன். 'பேரமைப்பின் பெரியோர் அனைவருக்கும் வணக்கம். மறு அறிவிப்பு வரும் வரை யாரும் பல் இழக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளப்படுகிறது. கொட்டைப்பாக்கு, கடலை உருண்டை, தட்டை, முறுக்கு ஆகியவற்றைத் தவிர்த்து ஒத்துழைப்பு நல்கவும்.' அது கிருஷ்ண ஜயந்தி சமயம். பிரிட்ஜ்வாட்டர் கோயிலுக்குப் போனபோது எங்கள் பெரியவர்கள் பிரசாதச் சீடையைக் கையில் வைத்துக்கொண்டு, பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற தெலுங்குக்காரர்களிடம் கொடுத்ததை நானே கண்டேன். கொடுக்காத ஒருவருக்கு முன்பல் போய்விட்டது. ராத்திரியோடு ராத்திரியாக நிதிக் குழு கூடியது. மாமனார்தான் வழி சொன்னார்.

"விழுந்த பல் எங்கே?"

"சட்டைப் பையில வச்சிருக்கார்."

"அப்போ பல் உறுப்பினரோட சுவாதீனத்துலதான் இருக்கு. இழப்பு எங்கே வந்தது? பையிலயே வச்சுக்கச் சொல்லுங்கோ."

அவரும் வைத்துக்கொண்டார். சட்டை தோய்க்கும்போதெல்லாம் அவர் மருமகள் எனக்கு ஒரு மெசேஜ் போட்டு உறுதிசெய்துவிடுவாள்.

கடைசியாக வைப்புத்தொகை. ஐம்பதாயிரம் டாலர். குடும்பத்துக்கு இரண்டாயிரத்து முன்னூறு போட்டோம். எங்கள் பங்கை நான் அனுப்பும்போது ஜலஜா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த டாக்டர் கேட்டது ஆயிரத்தெண்ணூறு" என்றாள்.

"அது செலவு. இது டெபாசிட்."

"அப்பா ராத்திரி பூரா தூங்கல, பத்ரி. உனக்கு நெஜமாவே ஒண்ணும் தோணலையா?"

தோன்றியது. அதனால்தான் அக்டோபரில் நேரிலேயே போய்விடுவது என்று முடிவெடுத்தேன். நானும் பால்துரையும் மாமனாரைப் பின்சீட்டில் உட்காரவைத்து, கன்னத்துக்கு ஐஸ் பை கொடுத்து, மாநிலத் தலைநகருக்கு டிரைவ் பண்ணினோம். எங்கள் கோப்பைப் பார்க்கும் அதிகாரி பெயர் மிஸஸ் விட்டக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது ஐம்பத்தைந்து வயது, மரியாதையான பெண்மணி. ஆனால் வாயை ஒரு பக்கமாகவே வைத்துக்கொண்டு பேசினார். ஆங்கிலத்தில் நடந்ததைத் தமிழில் தருகிறேன்.

"இந்த வைப்புத்தொகை எதற்கு, மேடம்?" என்று கேட்டேன்.

"என்றாவது ஒருநாள் உங்கள் நிறுவனத்தால் உறுப்பினர்களின் பல்லைக் கவனிக்க முடியாமல் போய்விட்டால், அவர்களைக் காப்பாற்றுவதற்கு."

"இப்போதே கவனிக்க முடியவில்லை. எங்களிடம் இருந்த பணம் முழுவதும் உங்களிடம் இருக்கிறது."

"பாருங்கள், வைப்புத்தொகை எவ்வளவு அவசியம் என்று உங்களுக்கே புரிகிறது."

"அதிலிருந்து இவர் பல்லுக்கு மட்டும் கொஞ்சம்…"

"நிறுவனம் நொடித்துப்போனால்தான் அதைத் தொடலாம்."

"நாங்கள் நொடித்துப்போய்விட்டோம்."

"அது எப்படி? உங்கள் பெயரில் ஐம்பதாயிரம் டாலர் இருக்கிறதே."

மாமனார் நாற்காலியிலிருந்து எழுந்து, வீங்கின கன்னத்தோடு, அந்த அம்மாளுக்கு ஒரு கும்பிடு போட்டார். "அபாரம்" என்றார் தமிழில். பிறகு அந்த அம்மாளின் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தில் கேட்டார்: "உங்களுக்கும் பல்லா?"

மிஸஸ் விட்டக்கர் கதவைப் பார்த்துக்கொண்டார். "வலது பக்கம்" என்றார் மெதுவாக. "என்னுடைய பிளான் முழு லைசென்ஸ் உள்ளது. நானே கையெழுத்துப் போட்டது. காத்திருப்புக் காலம் முடிய இன்னும் ஐந்து மாசம் இருக்கிறது."

மாமனார் சட்டைப் பையிலிருந்து பொட்டலத்தைப் பிரித்து ஒரு கிராம்பை நீட்டினார். அந்த அம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது சுகாதார சேவை ஆகுமா?"

"சமையல் சாமான்" என்றேன்.

வாங்கி அடக்கிக்கொண்டார். மாமனாரும் ஒன்றை அடக்கிக்கொண்டார். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து கிராம்பைச் சப்பினார்கள். எங்கள் கோப்புக்கு அன்று நடந்த முன்னேற்றம் அவ்வளவுதான்.

நவம்பர் பதினான்காம் தேதி மாமனார் விமானம் ஏறினார். வரும்போது போட்டுக்கொண்டு வந்த பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. ஜலஜா ஏர்போர்ட்டில் அழுதாள். பதினேழாம் தேதி மாமனார் மாம்பலத்திலிருந்து கூப்பிட்டார். குரலே பளிச்சென்று இருந்தது.

"மாப்பிள்ளை, எடுத்தாச்சு. நம்ம தெருவுல, காய்கறிக் கடை மாடில ஒரு பையன் கிளினிக் வச்சிருக்கான். பத்து நிமிஷம், அறுநூறு ரூபாய். பேர் என்னன்னுகூட கேக்கலை. எனக்குத்தான் மனசு கேக்காம, ஒரு ரசீதாவது எழுதித் தாப்பான்னு வாங்கிண்டு வந்தேன். ரெண்டு அடை சாப்பிட்டேன்."

"பல் எங்கே?" என்றேன்.

"அவன் குப்பைல போட்டுட்டான்."

மனசுக்குள் ஒன்றைக் கழித்தேன். அறுநூற்றுப் பதினொன்று. ஜலஜா போனை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். "இதை யார்கிட்டயாவது மூச்சு விட்டே, நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்றாள். இரண்டு மாசம் நான் மூச்சு விடவில்லை.

ஜனவரியில் லைசென்ஸ் வந்தது. பால்துரை வீட்டு பேஸ்மென்டில் விழா. லைசென்ஸைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி, குத்துவிளக்கு ஏற்றி, அவருக்கு ஒரு பொன்னாடை போர்த்தினோம். ஐந்து மாசத்துக்கு அப்புறம் முறுக்கு வைத்திருந்தார்கள். முன்வரிசையில், எங்கள் இருபத்திரண்டில் ஒரு குடும்பத்து எழிலரசி தன் அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். அந்த அம்மாள் திருச்சியிலிருந்து வந்து பத்து நாள்தான் ஆகிறது. எட்டு நாளாகப் பல்வலி. முறுக்கைத் தொடாமல், கன்னத்தில் கைவைத்துக்கொண்டு, வரப்போகிற புதன்கிழமைக்குக் காத்திருந்தாள். ஜெபினாவும் வந்திருந்தாள். "ஆன்ட்டி, நீங்கதான் ஃபர்ஸ்ட். அஞ்சு மணிக்கு வந்துருங்க" என்று சொன்னது என் காதிலேயே விழுந்தது.

பால்துரை லைசென்ஸை உரக்கப் படித்தார். "'அறுநூற்றுப் பன்னிரண்டு பற்களுக்குச் சேவை வழங்க இதன்மூலம் அதிகாரம் அளிக்கப்படுகிறது.'" எல்லாரும் கைதட்டினார்கள். ஜலஜா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாலேயே வேண்டாம் என்றாள். எனக்குத் தெரியும், வாயைத் திறக்காமல் இருந்தால் எல்லாம் சுபம். ஆனால் பதினோரு வருஷம் வரிசையில் நின்றவன் நான். இன்டர்வியூவில் ஒரு வெள்ளைக்காரன் உட்கார்ந்துகொண்டு, 'அந்தப் பதினேழாவது உறுப்பினரின் பல் எங்கே?' என்று கேட்பது கண் முன்னால் தெரிந்தது.

"ஒரு சின்ன விஷயம்" என்று எழுந்தேன்.

சொல்லி முடித்ததும் முன்பல் போனவர் தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"விடுங்களேன்" என்றாள் ஜெபினா. "யாரு வந்து எண்ணப் போறாங்க?"

அது ஒரு குடியுரிமை வாங்கியவளின் பேச்சு. பால்துரை பொன்னாடையைச் சரிசெய்துகொண்டார்.

"என்னத்துக்கு வம்பு? ஒரு லெட்டர் போட்டுக் கேட்டுருவோம். ஒரு பல் குறைஞ்சா பரவாயில்லன்னு எழுத்துல வாங்கிருவோம். பதில் வர்ற வரைக்கும் யாரையும் தொட வேண்டாம். சம்மதம்னா கை தூக்குங்க."

கைகள் எழுந்தன. என் கைதான் முதல். ஜலஜா கோட்டை எடுத்துக்கொண்டு படியேறி, காரில் போய் உட்கார்ந்துவிட்டாள். நான் எண்ண ஆரம்பித்தேன். எழிலரசியின் அம்மா மகளிடம், "என்னம்மா கேக்கறாங்க?" என்றாள். "நம்ம நல்லதுக்குத்தாம்மா, கை தூக்கு" என்றாள் எழிலரசி.

அந்த அம்மாள் ஒரு கையைத் தூக்கினாள். இன்னொன்று கன்னத்தில் இருந்தது.